இரண்டரைக் கிராம் ஈயம்

காட்டு முயல்மேல் எய்த அம்பையும், யானையை நோக்கி எறிந்து குறி தப்பிய வேலையும் படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் ஒப்பிட்டு, வேலுக்கே பெருமை தருகிறார். போர்க்களத்து ஆண்மையைப் பேசும் இடம் அது. ஆதலின் அம்முடிவு பொருத்தமே. ஆயினும், முயலை நோக்கிச் செல்லும் அம்பின் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையா என்னும் கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. மைய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கேடுகளுக்கிடையே காலம் தள்ளும் ஓர் எழுத்தனுக்கும் முயல் வேட்டைக்கும் என்ன உறவு என்று நம் சங்கத்து அன்பர்கள் வியக்கக்கூடும். அந்த உறவு என் தமக்கையாரின் மகன் வழியாக வந்தது.

அவன் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். அந்நாட்டில் நிலையாக வாழும் உரிமையும் பெற்றுவிட்டான். உடன் பணிபுரியும் நண்பர் சிலர் இலையுதிர்காலம் பிறந்ததும் விடுமுறை நாள்களில் காட்டுக்குச் சென்று, அணிலும் முயலும் சுட்டு வந்து சமைத்து உண்பது வழக்கமாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இந்த ஆண்டு நானும் அவர்களோடு போகலாம் என்றிருக்கிறேன். சிறிய ரைபிள் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்கலாம்? உங்களுக்குத்தான் துப்பாக்கி தெரியுமே" என்றான். கல்லூரி நாளில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது, கையில் .22 ரைபிளோடு தரையில் படுத்தவாறு நான் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று தமக்கையார் வீட்டுச் சுவரில் நெடுநாள் தொங்கியது. அதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அந்தப் படமே என்னை அவன் கண்ணில் அறிஞனாக்கிவிட்டது.

தமக்கையார் இப்போது நாகபுரியில் எங்களோடுதான் இருக்கிறார். மகன் பேசியது அவர் காதிலும் விழுந்தது. "என்ன தம்பி, அணிலையா சுடப் போகிறான்?" என்று திகைத்தார். முயல் என்றால்கூட அவர் இவ்வளவு வருந்தியிருக்கமாட்டார். சேது கட்டும்போது மணல் சுமந்து, இராமபிரானின் மூன்று விரல்கள் பட்ட கோடுகளை முதுகில் தாங்கிய உயிர் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? "அது நம் ஊர் அணில் இல்லை அக்கா. நம் அணில் நூறு கிராம் இருந்தால் அதிகம். அங்குள்ள சாம்பல் நிற அணில் அரைக் கிலோ இருக்கும், அதற்குக் கோடும் இல்லை" என்றேன். அவர் விடவில்லை. "கோடு இல்லாவிட்டால் அணில் இல்லை என்று ஆகிவிடுமா?"

நாங்கள் புலால் மறுத்த குடும்பத்தார் அல்லோம். ஞாயிறுதோறும் கறிக்கடை வரிசையில் நிற்பவன் நான். அதை அவருக்கு நினைவூட்டினேன். "வாங்குவது வேறு, கொல்லுவது வேறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பின்பு மெல்ல, "நீ ஒன்றும் சொல்லிக்கொடுக்காதே. சொன்னால் அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு" என்றார்.

அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். நான் வாய் மூடியிருந்தால் அவன் வாங்காமல் இருக்கப்போவதில்லை. நான் சொல்லாததைக் கடைக்காரன் சொல்லுவான். விற்பவனுக்குத் துப்பாக்கியின் வேகமும் விலையும்தான் கண்ணில் படும். குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்க அவனுக்கு நேரம் ஏது? பாவத்தில் பங்கு உண்டென்றால் பொறுப்பிலும் பங்கு இருக்கட்டும் என்று துணிந்து, விடை சொல்ல முற்பட்டேன்.

எழுத்தனாகப் பிறந்தவனுக்குச் சட்டமே முதலில் நினைவுக்கு வரும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில், சிறு விலங்கு வேட்டைக்கென்றே தனி உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமமுறையை நீக்கிவிட்டது. முயலை வேட்டையாடுவது இன்று இங்கே குற்றம். .22 ரைபிளை வைத்திருக்கவும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு இங்குள்ள இளைஞர் எவரும் காட்டுப்பக்கம் பார்க்க வேண்டா.

மிசௌரியின் நிலை வேறு. 1936ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்தி, காட்டுயிர்களைக் காக்கத் தனி ஆணையம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள்; அதன் துறை 1937இல் பணி தொடங்கியது. அதே 1937இல் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம் ஒன்று, நீள்குழல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே ஒதுக்கியது. அணில் வேட்டைக்குரிய பருவம் மே மாதத்து நான்காம் சனிக்கிழமை தொடங்கிப் பிப்ரவரி 15இல் முடிகிறது. ஒருவர் நாளொன்றுக்குப் பத்து அணில்களுக்கு மேல் எடுக்கலாகாது. முயலுக்கு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி 15 வரை, நாளொன்றுக்கு ஆறு. 1967 ஜனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்த வயது வந்தோர், வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் பொதுவாக உரிமம் பெற இயலும்.

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் அன்பர்களுக்காக மற்றொன்றும் சொல்ல வேண்டும். பணி விசாவில் தங்கியிருப்போர் துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையிலிருப்பது அதற்குரிய விலக்குகளுள் ஒன்று. என் தமக்கையார் மகனுக்கு இந்தத் தடை இல்லை. எனினும், "முதலில் வகுப்பு, அடுத்து உரிமம், மூன்றாவதுதான் துப்பாக்கி" என்று வரிசை வகுத்துக் கொடுத்தேன். அவன் அதற்கு இசைந்தான்.

இனி ரைபிளுக்கு வருவோம். சிறு வேட்டைக்கு மிகுதியாகப் பயன்படுவது .22 லாங் ரைபிள் என்னும் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கி. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887இல் அறிமுகப்படுத்திய தோட்டா இது. இதன் அடிவிளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப்பிடித்து வெடிக்கும். அதன் குண்டு வழக்கமாக 40 கிரெயின் எடை. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரைக் கிராம். பொற்கொல்லர் கணக்கில் இருபது குன்றிமணியை ஒட்டியது. இந்தச் சிறு ஈயத்துண்டு நொடிக்குச் சற்றேறக்குறைய 320 மீட்டர் முதல் 380 மீட்டர் வரை விரைவில் புறப்படுகிறது. விரைவு ஒலியினுடையதைக் கடந்தால் சாட்டை சொடுக்கியதுபோல் ஓசை எழும். கடவாத வகையில் செய்த தோட்டாக்கள் அடங்கி ஒலிக்கும்.

இதைவிட வேகமானவையும் உண்டு. 1959இல் வந்த .22 மேக்னம், 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். ஆகிய இரண்டையும் கடைக்காரன் அவனுக்குக் காட்டியிருக்கிறான். பின்னதன் குண்டு 17 கிரெயின் மட்டுமே. ஆனால் நொடிக்கு 770 மீட்டர் அளவில் பறக்கும். வெட்டவெளியில் நெடுந்தொலைவில் சுடுவோர்க்கு அவை ஏற்றவை. உண்பதற்காக 50 கெஜத்துக்குள் அணிலைச் சுடுபவனுக்கு அத்தனை வேகம் எதற்கு? உடலில் பட்டால் இறைச்சி சிதைந்துபோகும். மேலும், .22 லாங் ரைபிள் தோட்டா விலை குறைந்தது. விலை குறைந்தால் பயிற்சி மிகும். பயிற்சி மிகுந்தால் உயிர் துடிப்பது குறையும். அதை வாங்கு என்று நான் சொன்னதற்கு இதுவே தலையாய காரணம்.

அடுத்து, துப்பாக்கி இயங்கும் முறை. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை ஒன்று. கையால் போல்ட்டைப் பின்னிழுத்து முன்தள்ளி ஏற்றும் வகை மற்றொன்று. நான் பின்னதையே பரிந்துரைத்தேன். ஒருமுறை சுட்டதும் கை விசையைவிட்டு விலக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடியில் கண் மீண்டும் பார்க்கிறது. மனம் மீண்டும் எண்ணுகிறது. முதற்குண்டையே நம்பிச் சுடும் பழக்கமும் அதனால் வரும். துப்பாக்கியின் கட்டை உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதையும் சொன்னேன். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரலின் நுனி விசையில் இயல்பாகப் படவேண்டும். எடை ஆறு இராத்தல் அளவில் இருந்தால் நாள் முழுதும் சுமக்கலாம். அதற்காக, கையில் நிலைத்து நில்லாத அளவுக்கு இலேசாகவும் இருத்தல் கூடாது.

நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி ஒன்றை மேலே பொருத்திக்கொள்வது நன்று. ஆனால் புதரில் அசைவது என்ன என்று அறிய அதன்வழிப் பார்ப்பது பெருங்குற்றம். கண் போகும் திசையில் குழலும் போகும் அல்லவா? அசைந்தது அணிலாகவும் இருக்கலாம். காளான் பறிக்க வந்த மனிதராகவும் இருக்கலாம். அறிவதற்குத் தனியே ஓர் இருகண் நோக்கி வேண்டும். துப்பாக்கிக்கு மேலுள்ள கண்ணாடி, அறிந்து முடிந்த பின் குறி வைப்பதற்கு மட்டும்.

வாங்கிய பின் ஒரு வேலை உண்டு. ஒரே அச்சில் வார்த்த இரு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே வகையாக ஏற்பதில்லை. நான்கைந்து வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை ஓர் அணையின்மேல் தாங்கி, 50 கெஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தால், எந்த வகை நெருக்கமாகத் துளையிடுகிறது என்பது தெரியும். அதன்பின் அணையை விலக்கிவிட்டு, காட்டில் எப்படி அமர்வானோ அப்படி அமர்ந்து சுட்டுப் பார்க்க வேண்டும். அணிலின் தலை ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகும். ஐந்து குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் தொலைவு எதுவோ அதுவே அவனுடைய எல்லை. "அது முப்பது கெஜமாக இருந்தால் முப்பதுதான். முப்பத்தைந்தில் நிற்கும் அணில் உன்னுடையது அன்று" என்றேன்.

இவ்வளவும் நூலறிவாலும் சிறிது பழக்கத்தாலும் யாரும் சொல்லக்கூடியவை. நான் சொல்ல விரும்பிய தலையாய செய்தி வேறு. அதை எனக்குக் கற்பித்தவர் 1997ஆம் ஆண்டு எங்களுக்குச் சுடுபயிற்சி தந்த ஹவில்தார் ஒருவர். திருச்சிராப்பள்ளிக்கு வெளியே, ஒரு மண்மேட்டின் முன் அட்டைக் குறிகளை நட்டு, 25 கெஜத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தோம். ஆளுக்குப் பத்துத் தோட்டா. மூன்றாவது சுட்டு முடித்திருந்தோம். "நிறுத்து!" என்று ஒரு குரல். தோட்டாக்களை அகற்றி, போல்ட்டைத் திறந்து, துப்பாக்கிகளைத் தரையில் வைக்கச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேட்டின் உச்சிக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது. பிரிந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடி, செங்கொடியைப் பொருட்படுத்தாமல் ஏறி வந்த ஒரு சிறுவன். பத்து வயது இருக்கும்.

குட்டியைக் கண்டுபிடித்து அவன் போய்ச்சேரும்வரை ஹவில்தார் எங்களை எழவிடவில்லை. பின்பு அன்றைய பயிற்சியையே முடித்துவிட்டார். மீதி ஏழு தோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள் முணுமுணுத்தோம். அவர் கடிந்து பேசவில்லை. "அட்டையைத் துளைக்க எவனும் கற்றுக்கொள்வான். அட்டைக்குப் பின்னால் யார் வருகிறான் என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் எல்லோர் கண்ணும் குறியில் இருந்தபோது அவர் ஒருவர் கண் மட்டும் மேட்டில் இருந்தது.

கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு அன்பர்கள் அறிந்ததே. ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்ததாம். படிக்குந்தோறும் தோள் பூரிக்கிறது. ஆனால் கையில் ரைபிள் ஏந்தியவன் அப்பாட்டை அச்சத்தோடு படிக்க வேண்டும். குறியோடு நின்றுவிடாத அம்பு எங்கே போய்த் தைக்கும் என்பதை எய்தவன் அறியான். ஓரியின் அம்புக்கு இறுதியில் உடும்பு கிடைத்தது. இக்காலத்துக் குண்டுக்கு யார் கிடைப்பார்?

இது வெறும் கற்பனை அன்று. அந்த இரண்டரைக் கிராம் ஈயம் தடையின்றி வானில் சென்றால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும். ஒன்றரை மைல் வரை தீங்கு விளைக்கும் என்று தோட்டாப் பெட்டிமேலேயே எச்சரித்திருப்பார்கள். நீர்ப்பரப்பிலோ கல்லிலோ பட்டால் தெறித்து வேறு திசையில் பாயும். அணில் இருப்பதோ மரத்தின்மேல். அதைச் சுடுபவன் அண்ணாந்து சுடுகிறான். பின்னால் பருத்த அடிமரம் இருந்தால் குண்டு மரத்தில் புதையும். வெறும் வானம் இருந்தால் அது யார் வீட்டு முற்றத்துக்கோ பயணப்படும். இலை அடர்ந்திருக்கும் பருவத்தில் வேட்டையாடுவோர் பலர் ரைபிளை விடுத்து, ரவைகளைச் சிதறச் செய்யும் ஷாட்கன்னை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரவைகள் விரைவில் வலுவிழந்து விழுந்துவிடும். ஓடும் முயலுக்கும் அதுவே தக்கது. ரைபிள்தான் வேண்டும் என்பவன், இலை உதிர்ந்த பின் போக வேண்டும். அணில் அடிமரத்தை ஒட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். முயல் உட்கார்ந்து, அதன் பின்னே மண்சரிவு இருந்தாலன்றி விசையைத் தொடக்கூடாது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "மாமா, நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் பாதி நேரம் சுடவே முடியாது போலிருக்கிறதே!" என்றான்.

"ஆம். அதற்கு ஒத்துக்கொள்வதானால் வாங்கு" என்றேன்.

வகுப்பில் தேறி, உரிமம் பெற்று, போல்ட் வகை .22 ரைபிள் ஒன்றை வாங்கினான். ஐந்நூறு தோட்டாக்களைக் காகிதக் குறியின்மேல் செலவிட்ட பிறகே நவம்பரில் காட்டுக்குப் போனான். தன் எல்லை 35 கெஜம் என்று எழுதினான். அந்தப் பருவத்தில் ஆறு நாள் காலையில் சென்று, மூன்று அணில்களோடு திரும்பியிருக்கிறான். இரண்டாவது அணில் உடனே சாகவில்லை. காற்றில் கிளை அசைந்ததால் குண்டு சற்றுக் கீழே பட்டுவிட்டது. தரையில் விழுந்து துடித்ததை நெருங்கிச் சென்று மறுபடி சுட வேண்டியதாயிற்று. "கை நடுங்கியது மாமா. இரவு தூக்கம் வரவில்லை. காற்றடிக்கும் நாளில் இனிப் போகமாட்டேன்" என்று எழுதியிருந்தான்.

அம்மடலைத் தமக்கையாரிடம் காட்டலாமா என்று தயங்கினேன், பின்பு காட்டினேன். இருமுறை படித்தார். "கை நடுங்கியதாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் புறப்பட்டபோது, "அங்கே அறுக்கிறவனுக்குக் கை நடுங்குமா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவருக்கு இன்னும் மகன் செயலில் உடன்பாடு இல்லை. சுட்ட அணிலின் படத்தை அவன் அனுப்பினால் பார்க்க மறுக்கிறார். ஆனால் "வாங்குவது வேறு" என்னும் வாதத்தை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இந்த ஆண்டு அவன் வேறொரு கேள்வியோடு வந்திருக்கிறான். உடலில் சிதறிய ஈயத்துகள்களோடு காட்டில் எறியப்படும் கழிவை உண்டு கழுகுகளும் பருந்துகளும் நஞ்சேறி மடிகின்றன. கலிபோர்னியா மாநிலம், காட்டுயிர்களைச் சுட ஈயக் குண்டைப் பயன்படுத்துவதை 2019 ஜூலை முதல் நாளிலிருந்து முற்றிலும் தடை செய்துவிட்டது. மிசௌரியில் அணிலுக்கும் முயலுக்கும் அப்படியொரு தடை இல்லை. இருந்தும், செம்பில் செய்த குண்டுக்கு மாறலாமா என்று கேட்கிறான். விலை கூடுதல், எடை குறைவாதலால் குறியும் மாறும். மீண்டும் ஐந்தைந்தாகச் சுட்டுத் தன் எல்லையைப் புதிதாக அளந்துகொள்ள வேண்டியிருக்கும். அளந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.

முயலுக்குரிய அம்பின் தரப்பில் நான் சொல்ல விரும்புவது இதுதான். யானைமேல் எறிந்த வேல் தவறினால் வீரனுடைய உயிருக்கு இடர். ஆகவே அங்கே துணிவு பெரிது. முயலையும் அணிலையும் சுடுபவனுக்கு எந்த இடரும் இல்லை. இடரெல்லாம் எதிரே உள்ள சிற்றுயிருக்கும், அதற்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாமல் நடந்து வரும் மனிதனுக்கும், நாளைக்கு அங்கே வந்திறங்கும் பறவைக்கும்தான். ஆதலால் அங்கே அடக்கமே பெரிது. சிறிய ரைபிளைத் தேர்ந்தெடுப்பவன் தன் குண்டு இறுதியாக ஓய்ந்து கிடக்கும் இடம்வரை கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். நம் பிள்ளைகள் தொலைவிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்டால், பிடிக்காத கேள்வி என்று பெரியவர்கள் வாய் மூடிக்கொள்ள வேண்டா. நமக்குத் தெரிந்ததைச் சொல்லுவோம். நமக்கு உள்ள வருத்தத்தையும் உடன் சொல்லுவோம். தமக்கையார் சொல்லிய வருத்தமும் நான் சொல்லிய முறையும் இரண்டுமாகச் சேர்ந்தே அவன் விரலை விசையின்மேல் நிறுத்தி வைக்கின்றன என்று நான் நம்புகிறேன்.